எங்கள் வைஃபையில் யாரோ ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மூன்று பேர்தான். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டிவியில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. போன மாதம் டேட்டா வரம்பு முடிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. அடுக்குமாடியில் வேறு யாரோ எங்கள் வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகம். கடைக்காரர் புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?
– வாசகி, பல்லாவரம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் அம்மா. பாஸ்வேர்டு வெளியே போயிருந்தால், புது ரவுட்டரிலும் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்தவுடன் பழைய ஆள் தானாக வந்து ஒட்டிக்கொள்வார். முதலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்போம்.

நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்றில்லை. சாயங்காலம் டிவி திணறுவதற்கு அக்கம்பக்கத்து ரவுட்டர்களே போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (டிவி சேனல் அல்ல, ரவுட்டர் பேசும் தடங்கள்) 1, 6, 11 என்று மூன்றுதான். இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்து நிற்கும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

டேட்டா வரம்பு முடிந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் 3 ஜிபி ஆகும். உங்கள் திட்டம் மாதம் 1,000 ஜிபி என்று வைத்துக்கொண்டால்கூட, அதைத் தீர்க்க தினமும் 11 மணி நேரம் டிவி ஓட வேண்டும். 4கே என்றால் மணிக்கு 7 ஜிபி வரை போகும். வாசலில் கேமரா மாட்டி, அது இரவு பகலாக இணையத்துக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் போட்டுப் பார்த்து கணக்கு இடித்தால், சந்தேகப்படலாம்.

ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 என்பதுபோல ஓர் எண்ணும், உள்ளே நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். வைஃபையில் இணைந்த கணினியில் அந்த எண்ணைத் தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். நிறுவனத்தின் செயலி இருந்தால் அதிலும் பார்க்கலாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் தேடி எடுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் ஒவ்வொரு கருவியாக வைஃபையை அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்த்து அடித்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர். பட்டியலில் 14 கருவிகள் இருந்தன. ‘ஈஎஸ்பி’ என்று தொடங்கி, பின்னால் புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒன்று. யாரோ உள்ளே இருக்கிறார் என்றே நினைத்தேன். ஹாலில் இருந்த ஸ்மார்ட் பல்பின் சுவிட்சை அணைத்ததும் அது காணாமல் போனது. அதனால் அவசரப்பட்டு மாடி வீட்டுப் பையன்மேல் பழி போட்டுவிடாதீர்கள். ரவுட்டர் விளக்கு நடுராத்திரியில் மினுக்குவதும் சாட்சி ஆகாது. நாம் தூங்கும்போதும் போன்கள் இணையத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கும்.

எல்லாவற்றையும் அடித்த பிறகும் ஒன்று மிஞ்சினால், வெளியாள்தான்.

எப்படி வந்திருப்பார்? ஒன்று கேட்கிறேன்: இணைப்பு கொடுக்க வந்தவர் என்ன பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போனார்? உங்கள் மொபைல் எண்ணா? நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். உங்கள் எண் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரிடமும் இருக்கிறது. கூரியர் கொண்டுவருபவரிடமும் கேஸ் கொண்டுவருபவரிடமும் இருக்கிறது. தெரியாதவர்கூடக் கண்டுபிடிக்கலாம். உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது காற்றில் போகும் சில செய்திகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே உட்கார்ந்து கணினியை விட்டு ஒவ்வொரு எண்ணாகச் சோதிக்க முடியும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்று நாலில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். விளையாட்டுக்காக வாங்கிய வலுவான கணினி ஒன்று அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும்.

இன்னொரு வழி நாமே திறந்துவிடுவது. விருந்தாளிக்குக் கொடுத்தோம், மகளின் தோழிக்குக் கொடுத்தோம். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை பெயரைத் தொட்டால் க்யூஆர் கோடு வந்து நிற்கும். தோழியின் போனில் இருப்பதை அவள் தம்பியின் போன் ஒரு நொடியில் வாங்கிக்கொள்ளும். மகளைக் கோபிக்காதீர்கள். பத்து பேரிடம் கொடுத்த பாஸ்வேர்டை ரகசியமாக வைத்திருக்க யாராலும் முடியாது.

சரி, இனிச் செய்ய வேண்டியது. வைஃபை பாஸ்வேர்டுக்கு முன்னால் ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது ‘அட்மின்’, ‘அட்மின்’ என்றே இருந்தால், ஏற்கெனவே இணைந்திருக்கும் ஆள் அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்கள் இன்று வைக்கும் புது வைஃபை பாஸ்வேர்டை நாளைக்கே படித்துவிடலாம். பிரிட்டனில் இப்படி எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டோடு கருவிகளை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலிலிருந்து சட்டமே இருக்கிறது. இங்கே நாம்தான் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வைஃபை பாஸ்வேர்டு. எட்டு எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். நீளம்தான் பலம். முறுக்கு, ஜன்னல், பல்லி, ஞாயிறு என்பதுபோல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஓர் எண் போடுங்கள். (இதையே வைக்க வேண்டாம், பலர் படித்துவிட்டார்கள்.) பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அதன் பூட்டு 2001லேயே உடைந்துவிட்டது.

டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு தட்டாமல் எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொண்டே இணைவதற்காக வந்தது அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் முன்னால் உள்ள ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. போதாததற்கு, முதல் நாலு இலக்கம் சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆக முதல் பாதிக்கு 10,000, மறு பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சி போதும். இந்த ஓட்டை 2011இல் வெளியே தெரியவந்தது. இந்தக் கதவு திறந்திருந்தால் நீங்கள் வைக்கும் நாலு சொல் பாஸ்வேர்டால் பயனே இல்லை.

ஓர் எச்சரிக்கை. ரவுட்டருக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், ரீசெட். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி என்றால் அதைக் குத்தாதீர்கள். இணைப்புக்காக நிறுவனம் உள்ளே எழுதி வைத்த விவரமும் சேர்ந்து அழிந்துவிடலாம். அப்புறம் அவர்கள் ஆள் வரும்வரை வீட்டில் நெட் இருக்காது.

இத்தனைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. உங்கள் பெட்டியில் டபிள்யூபிஏ2கூட இல்லை என்றால்தான் மாற்றுவதைப் பற்றிப் பேச்சு. அப்போதும் முதலில் நிறுவனத்திடம் மாற்றித் தரக் கேளுங்கள். பெட்டி பெரும்பாலும் அவர்களுடையது. கடையில் வாங்குவதாக இருந்தால் அட்டைப்பெட்டியில் டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஏடிஎஸ்எல்’ என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அது பழைய டெலிபோன் கம்பி இணைப்புக்கானது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி, வீட்டில் கொண்டுபோய்ச் செருக இடமில்லாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வைஃபை பெயரை மறைத்து வைத்தால் யாருக்கும் தெரியாது என்கிறார்கள். மேக் ஃபில்டர் போட்டால் நம் போன்கள் மட்டும்தான் இணையும் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் செய்யலாமா?
– வாசகர், கோவை

பதில்: இரண்டுமே வேண்டாம். பெயரை மறைத்தாலும், உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயரைக் காற்றில் சொல்லித்தான் ஆக வேண்டும். தேடுகிறவருக்கு அது கேட்கும். மேக் ஃபில்டர் பார்ப்பது மேக் எண்ணை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை. அதுவும் அப்படியே, மறைக்காமல்தான் போகிறது. பார்த்து நகலெடுத்துக்கொள்ளலாம். தவிர, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமே உருவாக்கிய வேறோர் எண்ணைக் கொடுக்கின்றன. ஃபில்டர் போட்டால் கடைசியில் வெளியே நிற்பது உங்கள் வீட்டுப் போனாகத்தான் இருக்கும்.

கேள்வி: கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் நல்லவர்கள். வேலை கிடைக்கும்வரை வைஃபை கொடுங்கள் சார் என்று கேட்டார்கள், கொடுத்திருக்கிறேன். நாளைக்கு எனக்கு ஏதும் சிக்கல் வருமா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் மனசு புரிகிறது. ஆனால் அந்த இணைப்பில் என்ன நடந்தாலும் தேடி வருகிறவர்கள் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப் போனபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபையில் போய் நின்றது. அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் விசாரணையை அவர்தான் சந்தித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சலுக்கு மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை பயன்பட்டிருந்தது.

பையன்களை நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்தின் விதிகளில் வீட்டுக்கு வெளியே பகிரலாமா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அனுமதி இருந்தால், ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று இருப்பதை இயக்கி, வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு வைத்து அதை மட்டும் கொடுங்கள். உங்கள் கணினியும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் இணையத்தில் போவதெல்லாம் உங்கள் பேரில்தான் போகும், அதையும் அவர்களிடம் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். வேலை கிடைத்து அவர்கள் வீட்டைக் காலி செய்யும் அன்றே அந்த கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.