விளிம்பில் பூச்சு உதிரும் மயோலிக்கா தட்டு: இனி தண்ணீரில் போடாதீர்கள்

வணக்கம். கழுவிக் காயவைத்த மயோலிக்கா தட்டின் (வெண்பூச்சின்மேல் வண்ணம் தீட்டிச் சுட்ட இத்தாலிய மண்பாண்டம்) விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, பூச்சு செதிலாகப் பெயர்வதாக எழுதியிருந்தீர்கள். அது உப்புதான்.

வெள்ளீய ஆக்சைடு கலந்த அந்த வெண்பூச்சு மெல்லிய கண்ணாடித் தோல்; அதற்கடியில் இருப்பது தண்ணீரை உறிஞ்சும் சுடுமண். விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் மஞ்சளாகத் தெரிகிறதே, அதுதான் வாசல். உள்ளே போன நீர் மண்ணிலுள்ள உப்பைக் கரைக்கிறது. காயும்போது பூச்சுக்கு அடியில் படிகம் வளர்ந்து அதை மேலே தள்ளுகிறது. பிளீச்சிங் தொட்டிருந்தால் அதன் உப்பும் உள்ளேயே தங்கியிருக்கும்.

பொடியை மென்தூரிகையால் தட்டுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் செதிலைத் தொடவே வேண்டாம். உதிர்ந்தவற்றை, எந்த இடத்தினுடையது என்று குறித்து, உறையில் வையுங்கள். சூப்பர் குளூ கூடாது. பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர் செதிலைப் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கொண்டு ஒட்டி நிறுத்துவார். அசிட்டோனில் கரைவதால் பின்னால் எடுத்துவிடலாம். மண்ணில் ஊறிய உப்பை வெளியே எடுப்பது அதற்குப் பிறகுதான். சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பியையும் கழற்றிவிடுங்கள், அது பிடிக்கும் இடமே விளிம்புதான்.

தட்டு 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு, முதலில் பின்புறம் பாருங்கள். சேவல் குறி இருந்தால் ஃபிளாரன்ஸின் கான்டகல்லி பட்டறை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்தையதல்ல. அடுத்து, புறஊதா விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். அசல் நிறம் சுடாத பூச்சின்மேல் தீட்டி, சூளையில் அதோடு உருகிக் கலந்தது. பிற்காலத் திருத்தமோ மேலே படிந்து நிற்கும், பெரும்பாலும் தனியாக ஒளிரும்.