போகாத ஜிம்முக்கு ஏன் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்?

ஜிம்மில் சேர்ந்து, கொஞ்ச நாளில் போவதை நிறுத்தியவர்கள்கூட சந்தாவை மட்டும் விடாமல் கட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சோம்பேறி ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவை அலசி 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 70 டாலருக்கு மேல் மாதச் சந்தா கட்டியவர்கள் போனது மாதத்துக்குச் சராசரியாக நான்கு முறை சொச்சம். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. பத்து முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் முறைக்கு 10 டாலரோடு போயிருக்கும்! இவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அடிக்கடி போவோம் என்று நம்பிப் போட்ட கணக்கு அது.

கடைசியாகப் போன நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது என்பதும் அதே ஆய்வில் வருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா என்றால் அப்படித்தான். தொடர எதையும் யோசிக்க வேண்டாம், விலகத்தான் மெனக்கெட வேண்டும்.

ஆனால் மறதி மட்டும் காரணமில்லை என்பேன். என் நண்பர் ஒருவரிடம் நிறுத்தச் சொன்னால், "நிறுத்திட்டா அப்புறம் போகவே மாட்டேன்" என்பார். இப்போது போகிறாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சந்தா இருக்கும்வரை அவர் 'ஜிம் போகிறவர்'. அந்தப் பெயரை விட மனசு வருவதில்லை.

தொடர்ந்து போகிறவர்கள்? நான் பார்த்தவரை, வேலைக்குப் போகும் வழியிலேயே ஜிம் அமைந்தவர்களும், "நேத்து ஏன் வரல?" என்று கேட்க அங்கே ஆள் இருப்பவர்களும்தான். எடை குறைக்க மட்டும் வந்தவர்கள், எடை மெஷின் அசையவில்லை என்றதும் கழன்றுகொள்கிறார்கள். நல்ல தூக்கத்துக்காகவோ முதுகு வலிக்காகவோ வந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

நீங்களே சேரும் யோசனையில் இருந்தால், முதலில் ஒரு மாதத்துக்கோ சில முறைகளுக்கோ மட்டும் கட்டுங்கள். அடிக்கடி போகிறீர்கள் என்று தெரிந்தால் பெரிய சந்தாவுக்கு மாறிக்கொள்ளலாம். 'இன்று மட்டும்தான் இந்தச் சலுகை' என்று வருடச் சந்தாவை நீட்டுவார்கள். பயப்படாதீர்கள், அடுத்த மாதமும் பெரும்பாலும் ஏதாவது ஒரு சலுகை இருக்கும்.