வீடு வாங்கியதற்கு வருமான வரி நோட்டீஸ்: என்ன பதில் எழுதுவது?

கேள்வி: 2023-ல் மதுரை திருப்பாலையில் 42 லட்சத்துக்கு என் பெயரில் வீடு வாங்கினோம். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவரின் பி.எஃப்., கிராஜுவிட்டி 21 லட்சம், மகனோடு சேர்ந்து எடுத்த வீட்டுக் கடன் 12 லட்சம், நகை விற்றது 6 லட்சம், தம்பியிடம் ரொக்கமாக வாங்கிய கைமாற்று 3 லட்சம். எனக்கு வருமானம் கிடையாது, ரிட்டர்ன் போட்டதில்லை. இப்போது ‘பணம் ஏது?’ என்று கேட்டு 133(6) பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. தம்பி கொடுத்ததை அன்பளிப்பு என்று பழைய தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. முத்திரைத்தாள் விற்ற தேதியே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது உங்களிடம் விவரம்தான் கேட்கிறார்கள். பொய் ஆவணம் கொடுத்தால் அது கிரிமினல் வழக்கு வரை போகும்.

நீங்கள் வாங்கிய 2023-ல், 30 லட்சமும் அதற்கு மேலும் பதிவாகும் கிரையங்களை சார்பதிவாளர் அலுவலகம் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. உங்கள் பான் எண்ணில் 42 லட்சம் இருக்கிறது, ரிட்டர்ன் இல்லை. அதனால்தான் கேட்கிறார்கள். குற்றம் சாட்டவில்லை, பயப்படாதீர்கள்.

முதலில் நோட்டீஸ் அசலா என்று பாருங்கள். அதிலுள்ள ‘டின்’ எனும் ஆவண அடையாள எண்ணை வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் போட்டால் தெரிந்துவிடும், லாகின்கூட வேண்டாம். போனில் ஓடிபி கேட்பவர் யாராயிருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கணவர் தந்த பணத்துக்கு உங்களுக்கு வரி கிடையாது. மில் கொடுத்த கணக்குத் தீர்வுக் கடிதமும், அந்தப் பணம் வங்கியில் வரவாகி, விற்றவருக்குப் போனதைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டும் போதும். கடனுக்கு வங்கியின் அனுமதிக் கடிதம். நகைக்குக் கடை ரசீது. விற்ற லாபத்துக்கு வரிக் கணக்கு உண்டு, அதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் அந்த 3 லட்சத்தில்தான். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் அதே தொகையை அபராதமாகப் போடச் சட்டம் இடம் தருகிறது. நியாயமான காரணம் காட்டினால் விட்டுவிடவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எப்போது வாங்கினீர்கள், ஏன் ரொக்கமாக வாங்க நேர்ந்தது, எவ்வளவு திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். இன்றைய தேதியிட்டுத் தம்பியிடம் ஓர் உறுதிக் கடிதம், அவருடைய பான் எண், அவர் வங்கியிலிருந்து பணம் எடுத்த பக்கத்தின் நகல் வாங்குங்கள். இதற்கும் கணக்குக் காட்ட முடியாவிட்டால் விளக்கமில்லாத முதலீடு என்று, 2023-க்குரிய விகிதப்படி சர்சார்ஜ், செஸ் சேர்த்து 78 சதவீத வரி வரும். அந்த அபராதத்தைவிட நான் அஞ்சுவது இதைத்தான். மீதிக் கடனை வங்கி வழியாகவே திருப்பிக் கொடுங்கள்.

கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கலாம். தாள்கள் சேரவில்லையென்றால் கெடுவுக்கு முன்பே அவகாசம் கேளுங்கள். பதிலை இ-ஃபைலிங் தளத்திலேயே ஏற்றலாம், பெரும்பாலும் பீபிகுளம் வருமான வரி அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்காது. ஏற்றியதும் வரும் ஒப்புகை எண்ணைப் பிரின்ட் எடுத்து கிரையப் பத்திரத்தோடு வையுங்கள்.