எலன் எரிக்காத கடிதங்கள்

கேள்வி: எழுத்தாளர் சார்லட் பிரான்ட்டி தன் தோழிக்கு எழுதிய கடிதங்களை எரித்துவிடும்படி அவருடைய கணவரே சொன்னாராமே! அப்படியிருக்க, நாம் அவற்றைப் படிப்பது முறைதானா? (ஒரு வாசகி)

பதில்: சொன்னது உண்மை. சார்லட்டுக்கும் ஆர்தர் பெல் நிக்கல்ஸுக்கும் 1854 ஜூனில் திருமணம் நடந்தது. ஹாவர்த் ஊரில் சார்லட்டின் அப்பாவிடம் உதவிப் பாதிரியாராக இருந்தவர் நிக்கல்ஸ். அந்த அக்டோபரில், சார்லட் தன் பள்ளித் தோழி எலன் நஸ்ஸிக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அவர் பார்த்துவிட்டார். தெரிந்தவர்களைப் பற்றி இவ்வளவு மனம்விட்டா எழுதுவது என்று அவருக்குத் திக்கென்றது. இவை தீக்குச்சியைப் போல ஆபத்தானவை, எலன் எரித்துவிட வேண்டும், இல்லையென்றால் இனிக் கடிதமே கிடையாது என்றார். சார்லட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கணவர் கண்ணில் கவலையோடு மேசைமேல் குனிந்து நிற்பதையும் சேர்த்து எழுதி அதே கடிதத்தை அனுப்பிவிட்டார்.

எலன் லேசுப்பட்டவர் அல்ல. சார்லட் எழுதுவதைத் தணிக்கை செய்யமாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் இனி வருபவற்றை அழித்துவிடுகிறேன் என்று நிக்கல்ஸுக்கே பதில் எழுதினார். தணிக்கை நிற்கவில்லை, அதனால் என் வாக்கும் செல்லாது என்று பிற்பாடு குறித்துவைத்தார்.

நிக்கல்ஸைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருமணமாகி ஒன்பதே மாதத்தில், 1855 மார்ச் 31 அன்று சார்லட் இறந்துபோனார். அதன் பிறகும் ஹாவர்த்திலேயே தங்கி, 1861-ல் மாமனார் கண்மூடும்வரை அவரைக் கவனித்துக்கொண்டவர் இந்த மனிதர். ஆனால் கடித விஷயத்தில் நான் எலன் பக்கம்தான். அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த 300-க்கும் மேற்பட்ட கடிதங்களை வைத்துத்தான் எலிசபெத் காஸ்கெல் 1857-ல் சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட முடிந்தது.

தங்கை எமிலி இறந்து நான்கு நாள் கழித்து, 1848 டிசம்பர் 23 அன்று சார்லட் எழுதியது ஒன்று உண்டு. உறைபனியையும் வாடைக்காற்றையும் நினைத்து இனி நாங்கள் நடுங்க வேண்டியதில்லை, எமிலிக்கு அவை உறைக்காது என்கிறார். உன்னால் முடிந்தால் வா என்று அழைக்கிறார். எலன் ஹாவர்த்துக்குப் போய் அந்த வீட்டில் தங்கினார். இந்த வரிகளைத் தீயில் போட அவருக்கு எப்படிக் கை வரும்?

எனக்குத் தீராத வருத்தம் ஒன்றுதான். 1831-ல் பள்ளியில் தொடங்கிய நட்பில் எலன் பதிலுக்கு எழுதியவை அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. எலனின் குரல் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

நீங்கள் கூச்சப்படாமல் படியுங்கள். அந்த டிசம்பர் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.