குடிக்காதவருக்கும் கணையம் வீங்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. போன மாதம் ராத்திரி மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுவரை பாய்ந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்கியது. கணைய அழற்சி என்று ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் ‘குடிப்பாரா?’ என்றே கேட்டார்கள். அவர் தொட்டதே இல்லை. பிறகு எப்படி வந்தது?
— வாசகி, தக்கலை

பதில்: திடீர்க் கணைய அழற்சிக்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று குடி, மற்றது பித்தப்பைக் கல். அதனால் குடியை மட்டும் கேட்டுவிட்டு விசாரணையை முடிப்பது தப்பு.

கணையத்தில் சுரக்கும் நீர் புரதத்தைக் கரைக்கக்கூடியது. கணையத்துக்குள் இருக்கும்வரை அந்த நீரிலுள்ள நொதிகள் (செரிக்கவைக்கும் என்சைம்கள்) தூங்குகின்றன; சிறுகுடலுக்கு வந்த பிறகே விழிக்கின்றன. பித்தக்குழாயும் கணையக்குழாயும் குடலில் திறப்பது பெரும்பாலும் ஒரே வாசலில். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அங்கே சிக்கினால், கணைய நீர் தேங்கி, நொதிகள் உள்ளேயே விழித்துக் கணையத்தையே அரிக்கத் தொடங்கும். இதில் வில்லங்கம் கடுகளவு கல்தான். பெரிய கல் பித்தப்பையை விட்டு நகராது.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாளில் எடுத்த எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) 150-க்கு மேல் இருந்தால் சந்தேகம் கல்லின் மேல்தான். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 1000-ஐத் தாண்டினாலும் கணையம் வீங்கும். ஆனால் அதை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் பட்டினியில் அளவு இறங்கிவிடும். ரத்தத்தில் கால்சியம் கூடுவது, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கத் தரும் அசதயோபிரின் போன்ற மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். அவர் சாப்பிட்ட மாத்திரைகளை எல்லாம், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

ஸ்கேனில் கல் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. வலி நேரத்தில் குடலில் காற்று நிறைந்து படம் மறைக்கும். தணிந்தபின் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டில் பொடிக் கல்லும் தெரியும். 40 தாண்டியவர் என்பதால், காரணம் கிடைக்காவிட்டால் கட்டி ஏதும் குழாயை அடைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கல்தான் என்று உறுதியானால் பித்தப்பையை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்; அடுத்த தாக்குதல் சில வாரத்திலேயே வரலாம்.

ஐந்து நாளில் வீடு திரும்பியதால் இது வெறும் வீக்கமாகவே இருந்திருக்கும். ஐந்தில் நான்கு பேருக்கு அப்படித்தான். மற்றவர்களுக்குக் கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போகும், அதில் கிருமி சேர்ந்தால் இரண்டாம் வாரத்துக்கு மேல் காய்ச்சல் வரும். காய்ச்சல், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி என எது வந்தாலும் வீட்டில் கஷாயம் போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மாமா மகனுக்கு 22 வயது. சின்ன வயசிலிருந்தே வயிற்று நோவு, இப்போது சர்க்கரையும். எக்ஸ்ரேயில் கணையத்தில் கல் தெரிகிறது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்றதால்தான் என்கிறார்கள். நாங்கள் விட்டுவிடவா?
— வாசகர், திருவட்டார்

பதில்: இது நாள்பட்ட கணைய அழற்சி. கல் பித்தப்பையில் இல்லை. கணையக்குழாயிலேயே சுண்ணாம்பு படிந்து உருவானது. சின்ன வயசில் வலி, வாலிபத்தில் சர்க்கரை என்று வரும் இந்த வகையை 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் விரிவாக விவரித்தார். அங்கே ஏழைகளின் சாப்பாடு மரச்சீனியாக இருந்ததால், கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருள்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் மரச்சீனியே தின்னாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. தினமும் தின்பவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. பிறகு நடந்த ஆய்வுகளில், நோயாளிகள் பலரிடம் ‘ஸ்பின்க் 1’ என்னும் மரபணுவில் மாற்றம் தெரிந்தது. உள்ளே தவறி விழித்த நொதியை அடக்கும் புரதத்தைத் தருவது அந்த மரபணுதான்.

ஆகவே கிழங்கை விட வேண்டாம். தோலை ஆழமாகச் சீவி, துண்டு போட்டு, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். நம் வீடுகளில் செய்வதும் அதுதானே. தம்பிக்குச் சர்க்கரை இருப்பதால் அளவு பார்த்துத் தின்னட்டும். பீடி, சிகரெட், குடி மூன்றும் அவருக்குக் கூடவே கூடாது. கணையமே பழுதாகி வரும் இந்தச் சர்க்கரைக்குப் பலருக்கு இன்சுலின் தேவைப்படும். மாத்திரை போதவில்லை என்றால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். வலி புதுவிதமாக மாறினாலோ எடை சட்டென்று குறைந்தாலோ தாமதிக்காமல் சி.டி. எடுக்க வேண்டும். இந்த நோயில் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல்.

கேள்வி: நாள்பட்ட கணைய நோய்க்கு நொதி மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனாலும் மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறது. மீன்கறியில் தேங்காயை நிறுத்தணுமா?
— வாசகர், குளச்சல்

பதில்: முதலில் மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். சாப்பிட்டு முடித்து விழுங்கினால் பலன் குறைவு. முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று என்று உணவோடு கலக்க வேண்டும். பொதுவாகப் பெரிய சாப்பாட்டுக்கு 25,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி), சிற்றுண்டிக்குப் பாதி. காப்ஸ்யூலை மெல்லவோ சூடான டீயுடன் விழுங்கவோ வேண்டாம். அளவு சரியாக இருந்தும் குறையாவிட்டால் அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தேங்காயை நிறுத்தினால் எடைதான் குறையும். மாத்திரை சரியாகச் சேர்ந்தால் மீன்கறி தாராளமாகச் செரிக்கும்.