யானை பிழைத்த வேல்

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், யானைப் பிரச்சினை பற்றி ஒரு அக்கா எழும்பிப் பேசினார். "அவைகள் வருகிற வழி..." என்று தொடங்கியதுமே, பின்னால் இருந்த ஒருவர் "அவைகள் இல்லை, அவை. இலக்கணப் பிழை" என்று சத்தமாகத் திருத்தினார். சிலர் சிரித்தார்கள். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு இருந்துவிட்டார். ஒருவர் பிழை விட்டால் திருத்துவது நல்லதா, பேசாமல் விடுவது நல்லதா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, உங்கள் கேள்வியில் 'பிழை' என்ற சொல்லைக் கண்டதும் கொஞ்சநேரம் அதிலேயே நின்றுவிட்டேன். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் தெரியும். கணக்குப் பிழைத்தால் கணக்குக் கெட்டுப்போயிற்று. ஆள் பிழைத்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். 'தப்பு' என்பதும் அப்படித்தான்: தப்புச் செய்தான், தப்பி வந்தான். 'தவறு' மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அவர் தவறிவிட்டார் என்றால் நாங்கள் செத்தவீட்டுக்கு வெளிக்கிட வேண்டும். பிழைப்பது என்றால் குறி விலகிப் போவது. எய்தவனுக்கு அது பிழை, இலக்காக நின்றவனுக்கு அது உயிர். 2009இல் இந்த மண்ணில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வள்ளுவர் இந்தச் சொல்லை ஓர் யானையோடு சேர்த்து வைத்திருக்கிறார். "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது." படைச்செருக்கு அதிகாரம், 772ஆம் குறள். காட்டு முயலை வீழ்த்திய அம்பை வைத்திருப்பதைவிட, யானைக்கு எறிந்து குறி தப்பிய வேலைக் கையில் வைத்திருப்பது நல்லது என்கிறார். வேல் பிழைத்தது, அதனால் யானையும் பிழைத்தது. ஆனாலும் மரியாதை அந்த வேலுக்குத்தான்.

உங்கள் கூட்டத்தில் எழும்பியவர்கள் இரண்டு பேர். அக்கா யானையைப் பற்றிப் பேச எழும்பினார். பின்னால் இருந்தவர் முயலை எய்துவிட்டு இருந்தார்.

சரி, அந்த 'அவைகள்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 'அவை' என்பதே பன்மை, அதற்கு மேல் 'கள்' வேண்டாம். அது சரிதான், இந்தப் பத்திரிகையிலும் 'அவை' என்றுதான் போடுகிறோம். ஆனால் எங்கள் வீட்டுத் தமிழில் 'அவை' என்றால் யார்? "அவை நேற்று வந்தவை" என்றால் சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். நாங்கள் மனிதருக்கு மரியாதையோடு சொல்கிற சொல் அது. யானைகளை வீட்டில் 'அதுகள்' என்போம். அக்கா கூட்டத்துக்காக நல்ல தமிழில் பேச நினைத்திருக்கிறார். 'அதுகள்' வீட்டுப் பேச்சாகத் தெரிந்திருக்கும், வெறும் 'அவை' ஆட்களைச் சொல்வதுபோல் காதில் விழுந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் 'அவைகள்' வந்து விழுந்தது. இதைக் கவனயீனம் என்று நான் சொல்ல மாட்டேன். சபைக்கு மரியாதை கொடுக்கப்போய் வந்த சொல் அது.

திருத்தியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் 'அவர்கள்' என்று சொல்வதில்லையா? 'அவர்' என்பதே பலர்பால். தொல்காப்பியர் காலத்தில் 'கள்' அஃறிணைப் பெயருக்கே உரிய விகுதி. அதைக் கொண்டுவந்து உயர்திணைப் பன்மையின் மேல் ஒட்டி 'அவர்கள்' ஆக்கினோம். அவைகள் எந்த வழியில் வந்ததோ, அவர்களும் அதே வழியில்தான் வந்தார்கள். ஒன்றை வாசலில் மறித்து, மற்றதை மேடையில் இருத்தி மாலை போடுகிறோம்.

நன்னூலைப் பாதியில் மூடிவைப்பவர்கள்மேல் எனக்கு நெடுநாட் கோபம் உண்டு. வழு, அதாவது இலக்கணப் பிழை, என்னென்ன என்று படிப்பார்கள், அதே நூல் வழுவமைதி என்றும் சொல்வதை விட்டுவிடுவார்கள். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு, இவற்றால் திணையும் பாலும் மயங்கி வந்தால் அதை ஏற்றுக்கொள் என்று பவணந்தியார் சூத்திரமே செய்திருக்கிறார். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று ஒருவன் சொல்வதை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். இங்கே யானையை "அவர் இறங்கிவிட்டார்" என்று அடங்கிய குரலில் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். இரவு முழுக்க வயற் கொட்டிலில் நெருப்பு மூட்டிக் காவல் இருப்பவனுக்கு யானை அஃறிணை இல்லை.

பிழை திருத்துவது என் தொழில், அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? ஒருமுறை ஓர் அம்மா, கொப்பி ஒற்றையில் பென்சிலால் எழுதிய கடிதம் வந்தது. மடிப்பில் மண் இருந்தது. "யானை வந்து வாளை எல்லாம் முறிச்சுப் போட்டுது. யானை வெடி பிழைச்சுப் போச்சு. நாங்கள் ஓடிப் பிழைச்சம்" என்று எழுதியிருந்தார். யானை வெடி என்பது யானையைத் துரத்தக் கொளுத்துகிற வெடி. வாளை மீன், வாழை மரம். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிப் பலகாலம் என்பதால், எழுதும்போது கைதான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஓர் எழுத்தை மாற்றினேன். மற்ற இரண்டு வரியையும் தொடவில்லை. வெடி பிழைத்ததும் தாங்கள் பிழைத்ததும் அடுத்தடுத்து நிற்கிற அந்த வரிகளை எந்தப் பண்டிதராலும் திருத்தி நன்றாக்க முடியாது. திருத்தம் மேசையில், அவருக்கும் எனக்கும் இடையில் முடிந்தது. கூட்டத்துக்கு நடுவில் என்றால் அவர் இரண்டாவது கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

சத்தம்போட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எழுதிவைத்தது. ஓர் அலுவலகத்தில் நான் மணிக்கணக்காக இருந்த அறையின் கதவில் 'காத்திருக்கும் அரை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அரை என்றால் இடுப்பு, இல்லாவிட்டால் பாதி. அந்தப் பலகைக்கு ஒலிவாங்கியைக் கண்டு பயம் இல்லை, அது வெட்கப்பட்டு இருந்துவிடப் போவதும் இல்லை. உங்கள் ஊர்த் திருத்தக்காரரைப் போன்றவர்கள் அங்கே எழும்பினால் நான் பக்கத்தில் வந்து நிற்பேன். ஆனால் அவர்கள் அங்கே போவதில்லை. எங்களுக்குத்தான் எழுதுகிறார்கள், 'ரீச்சர்' என்று போட்டது பிழை, 'டீச்சர்' என்று போடு என்று. 'பற்றி', 'வெற்றி' என்று எங்கள் வாயில் வருகிற றகர ஒலிதான் ஆங்கில 't' எழுத்துக்குக் கிட்ட நிற்கிறது. சொல்லின் முதலில் றகரம் வராது என்பதால் ரகரத்தைப் போட்டார்கள் எங்கள் மூத்தவர்கள். தொலைக்காட்சியில் வேறுவிதமாக வருகிறது என்பதற்காக அதை மாற்ற மாட்டேன். இதை முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

அப்புறம், தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டுதரம் படித்தேன். "அவைகள் வருகிற வழி" என்று அக்கா தொடங்கியிருக்கிறார். அடுத்தது அந்த வழியைத்தான் சொல்லியிருப்பார். காலபோக (மாரிகால) நெல் வயலில் நிற்கிற நேரம். சிரிப்பு அடங்கிய பிறகாவது, அது எந்த வழி என்று யாராவது அவரிடம் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் நீங்கள் போய்க் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் அவர் சொன்னபடியே போடுகிறேன்.