வளையம் தரமாட்டேன் என்றார்

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறிவிடுவார். ஏற்காட்டு மலை ஊர்கள், ஓமலூர், தாரமங்கலம் என்று சுற்றிப் பழைய சாமான்கள் வாங்கி வருவார். மாடி அறை முழுக்க அதுதான்: பொம்மலாட்டப் பொம்மைகள், கூத்துக்காரர்கள் தோளில் கட்டும் புஜக்கட்டை, மலையாளிகள் என்ற அந்த மலைப் பழங்குடிகளின் தானியக் கூடைகள், ஒரு மண்குதிரை. வெளியூர் வியாபாரி மொத்தமாக விலை பேசுகிறார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறான். "சோத்துக்கு வச்ச காசையெல்லாம் இதுல போட்டாரு" என்று அம்மா இன்னமும் அழுகிறாள். அப்பா இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன அர்த்தம்? ஒரு நோட்டில் கணக்கு எழுதியிருக்கிறார். பஸ் காசும் விலையும்தான் அதிகம். "பொம்மை 2. தலை வளையம் தரமாட்டேன் என்றார். சாப்பாடு போட்டார்" என்கிற மாதிரி.

ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் கடைசியில் அந்த நோட்டைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பொம்மைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். லேசான மரம்தான், ஆனாலும் உடையும் நகையும் ஏறினால் பெரிய பொம்மை 10 கிலோவைத் தொடும். ஆட்டுகிறவர் தலையில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். பொம்மையைத் தாங்கும் கயிறுகள் அதில்தான் முடிந்திருக்கும். பொம்மையின் கைகளைக் குச்சியால் அசைப்பார். அவர் தலை திரும்பினால் பொம்மை திரும்பும், அவர் ஆடினால் அது ஆடும். அந்த மனிதர் பொம்மைகளை விற்றுவிட்டார். தன் தலையில் இருந்ததை விற்க மனம் வரவில்லை. வாங்க வந்தவருக்குச் சாப்பாடும் போட்டிருக்கிறார். இதை உங்கள் அப்பா அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள். எந்த மியூசியத்து அட்டையிலும் இதை நான் படித்ததில்லை.

என்ன அர்த்தம் என்று கேட்கிறீர்கள். வங்காளத்தில் குருசதய் தத் (1882–1941) என்று ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி இருந்தார். உத்தியோகம் பார்த்த ஜில்லாக்களில் எல்லாம் படச்சுருள், பொம்மை, காந்தா என்று சேர்த்தார். கல்கத்தாவை ஒட்டிய ஜோக்காவில் அவற்றுக்காக 1963-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழம்புடவைகளை அடுக்கித் தைக்கிற காந்தாக்களில் ஒன்றை மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்காகத் தைத்திருக்கிறாள். பெயரையும் ஊசியாலேயே எழுதிவிட்டாள். அதனால்தான் இன்று சேலத்தில் உட்கார்ந்து அவள் பெயரை நான் சொல்ல முடிகிறது.

சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன், போபாலில் 1982-ல் திறந்த பாரத் பவனுக்காக மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பினார். பாட்டன்கட் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் அவர்கள் கண்ணில் பட்டது. 'கோண்டுப் பழங்குடி ஓவியம்' என்று குறித்துக்கொண்டு நகர்ந்திருக்கலாம். வரைந்தது யார் என்று கேட்டார்கள். ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞர். இன்று அந்தப் பாணிக்கே ஜங்கர் கலம் என்று பெயர் (கலம் என்றால் அங்கே எழுதுகோல்).

எனக்கு இது காலம் கடந்துதான் உறைத்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஒரு மே மாதம் போனபோது, மலையில் ஒரு பாட்டியிடம் மூங்கில் கூடை வாங்கினேன். உள்ளே சாணம் மெழுகிய நாலு விரல் தடம் இப்போதும் அப்படியே இருக்கிறது. பேர் கேட்கத் தோன்றவில்லை. மறு வருஷம் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. அது யாருடைய விரல் என்று சொல்ல இனி வழியே இல்லை. அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

ஆகவே முதல் வேலை, நோட்டை ஒரு பக்கம் விடாமல் போட்டோ எடுங்கள். எந்த வரி எந்தப் பொருளுக்கு என்று சேர்த்து, பருத்தி நாடாவில் எண் எழுதிக் கட்டுங்கள். பொம்மைக்குப் புதுப் பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். உளுத்த தூள் கொட்டுகிற பொம்மையை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். எண் கட்டும் வேலை முடியும்வரை வியாபாரிக்குப் பதில் சொல்லாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷச் சட்டம் தடை போட்டிருக்கிறது என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். பிறகு விற்பதானாலும் நோட்டின் நகலோடு, ஒரே இடத்துக்குக் கொடுங்கள். பிரிந்து போனால் அப்பா எழுதிய வரிகளும் அநாதையாகிவிடும்.

மண்குதிரை விஷயம் வேறு. குயவர் வீட்டுச் சூளையில் வாங்கியதென்றால் இருக்கட்டும். கோயில் எல்லையிலிருந்து வந்ததென்றால் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். நேர்ந்துவிட்ட குதிரை வெயிலிலும் மழையிலும் கரைந்து மண்ணோடு போக வேண்டியது. அதை வீட்டுக்குள் வைக்க நமக்கு உரிமையில்லை. உங்கள் அப்பாவே எடுத்து வந்திருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அம்மாவின் அழுகை நியாயமானது. அந்தச் சாமான்களுக்குப் பாதி விலை கொடுத்தவர் அவர்தான். எந்த மாதம் எந்தப் பொருளுக்காக எது இல்லாமல் சமாளித்தார் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். நோட்டில் இல்லாத ஊர்ப் பெயர்கள் அவர் வாயிலிருந்து வரும்.

பொம்மை வாங்கிய ஊர் தெரிந்ததும், உங்கள் அப்பா போல ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், அந்த வளையம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.